பின்வாசலால் வந்தவள்

எங்கள் பக்கத்தில் முன்வாசல் என்பது பாதிரியாருக்கும், சாமான் விற்க வருகிறவனுக்கும். மற்றவர்கள் பின்வாசலால்தான் வருவோம். தட்டுவதெல்லாம் கிடையாது. பூட்ஸில் ஒட்டிய சேற்றைப் படியில் தேய்த்துவிட்டு, "காபி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் நுழைய வேண்டியதுதான். நாங்கள் பிறந்த வீட்டின் பின்கதவுக்குச் சாவி என்று ஒன்று உண்டா என்பது அப்பாவுக்கே தெரியாது.

அந்தக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரச்சட்டம். அதில் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கி, என்னுடையது, தம்பி கேலனுடையது. மற்ற வீடுகளில் குடை மாட்டியிருப்பார்களே, அப்படி. பூட்டு இல்லை. அது சரி என்று நான் இன்றைக்கு வாதாட வரவில்லை. அன்றைக்கு அவற்றைப் பார்த்தால் எங்களுக்கு மான்தான் ஞாபகம் வரும், மனுஷன் ஞாபகம் வராது. சொல்ல வந்தது அவ்வளவுதான்.

உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கி சுடும் குழுவில் இருந்தேன். துப்பாக்கிப் பெட்டியோடு பள்ளிப் பேருந்தில் ஏறுவேன். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சீட்டுக்கு அடியில தள்ளி வை ஆர்லீன், யாராவது தடுக்கி விழுந்து தொலைக்கப் போறாங்க" என்பார். அவருடைய பயம் அத்தோடு முடிந்தது.

அதே தடத்தில் இப்போது பேருந்து ஓட்டுவது நான்தான். போன வருஷம் கெல்சி என்று ஒரு பெண், நகரத்திலிருந்து புதிதாகக் குடிவந்தவள், என் பிக்கப் வண்டியின் பின்சீட்டில் காலித் துப்பாக்கி உறையைப் பார்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து அவள் மகன் என் பேருந்தில் வரவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எனக்கு அது வர நேரமே ஆகாது. நேரே போய்க் கேட்டேன்.

"உங்கள நான் தப்பா நினைக்கல மேடம்" என்றாள். "அவன் ஸ்கூல் விட்டு வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு மூச்சே வர்றதில்ல. தினமும் இப்படித்தான்."

திட்டுவதற்கு எவ்வளவோ தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அத்தனையையும் விழுங்கிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினேன்.

மான் பருவம் அப்போதெல்லாம் நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் விருந்துக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடமே விடுமுறை. ஆசிரியர்களும் காட்டில், மாணவர்களும் காட்டில் என்றால் யாருக்குப் பாடம் நடத்துவது? இப்போது அதைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றியவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஞாயிறு மதியமே மலைமேல் உள்ள எங்கள் வேட்டைக் குடிலுக்குப் போய்விடுவோம். ஒரே அறை, நடுவில் விறகு அடுப்பு. ஈரக் கம்பளிச் சட்டையும் பன்றிக்கறி வறுவலும் கொதித்துக் கொதித்துக் கறுத்த காபியும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது ஈரக் கம்பளி வாசனை வந்தால் எனக்கு அப்பா இருமுகிற சத்தம் கேட்கும். அம்மா பீட்ரூட் சாற்றில் ஊறவைத்த முட்டைகளை ஜாடியோடு கொடுத்து அனுப்புவாள். பக்கத்து வீட்டு மெர்வின் ஒருவனே பாதி ஜாடியைக் காலி செய்துவிட்டு, உதடெல்லாம் சிவப்பாக, "நான் தொடவே இல்லையே" என்பான்.

குடிலின் ஒரு சுவர் முழுக்கச் சட்டைத் துண்டுகள். மானைச் சுட்டுக் குறி தவறியவன் சாயங்காலம் எல்லோர் முன்னாலும் திரும்பி நிற்க வேண்டும். சட்டையின் பின்பக்கக் கீழ்த் துண்டைக் கத்தரியால் வெட்டி எடுத்து, அவன் பெயர், வருஷம், தவறவிட்டது எது என்று எழுதிச் சுவரில் ஆணி அடிப்பார்கள். அப்பாவுடையது ஏழெட்டு இருக்கும். என்னுடையது இரண்டு. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் விஷயம் சிரிப்பு மட்டும் இல்லை. குறி தவறியதை மறைத்தவனுக்கு மறுவருஷம் குடிலில் இடம் கிடையாது. மறைத்தால் எங்கோ ஒரு மான் குண்டடி பட்டுத் துடித்துக்கொண்டிருக்கலாம். குண்டு பட்டது மானாகவே இல்லாமலும் போகலாம்.

கேலன் பன்னிரண்டு வயதில் முதல் மானைத் தவறவிட்டான். எட்டுக் கிளைக் கொம்பன். நாள் பூராவும் அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் அப்பா கேட்டார்: "உன் பக்கம் ஒரு வெடி கேட்டுச்சே. குண்டு எங்க போச்சு?" அவன் ஓவென்று அழுதான். அப்பா அவன் சட்டையை வெட்டி, அவன் கையாலேயே ஆணி அடிக்க வைத்தார். பிறகு தன் பங்கு வறுவலையும் அவன் தட்டில் போட்டார்.

அந்தக் கேலனுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. எங்கள் பள்ளியில் துப்புரவுப் பணி பார்க்கிறான். மனைவி நாடின் இறந்துபோன பிறகு அந்த வீட்டில் அவனும் டிவியும்தான். காலையில் எழுந்ததிலிருந்து செய்தி ஓடும். எங்கே கொள்ளை, எங்கே கொலை, எல்லாம் ஒப்பிப்பான். மெர்வினின் கொட்டகைக் கதவை யாரோ உடைத்துவிட்டார்கள் என்றதும் முன்கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டான், மேலே கேமரா மாட்டினான், ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கினான். கொட்டகையை உடைத்தது பறவைத் தீனிக்கு வந்த கரடி என்று பிறகு தெரிந்தது. பூட்டுகள் அப்படியே இருந்தன.

"இத வச்சு மான் சுட முடியுமாடா?" என்று கேட்டேன்.

"மானுக்கு யாரு வாங்குனா?"

"அப்ப யாருக்கு? அப்படி என்ன பயம் உனக்கு?"

"பயமா? எனக்கா? இது ஜாக்கிரதை, ஆர்லீன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

அந்த இலையுதிர் காலத்தில்தான் பள்ளி வாரியம் அந்தப் பேச்சை எடுத்தது: பள்ளி ஊழியர்களில் விருப்பமுள்ளவர்கள் இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? ஊரே இரண்டாகப் பிளந்துபோனது. தேவாலய விருந்தில்கூட ஆளுக்கொரு மேசை. எதிர்த்தவர்களும் பயந்தார்கள், கேட்டவர்களும் பயந்தார்கள். எனக்குப் பயம் என்று மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. முதலில் கை தூக்கிய ஊழியன் என் தம்பி. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எதைச் சொல்லி மறுப்பது? எங்கள் குடும்பத்திலேயே நன்றாகச் சுடுகிறவன் அவன்.

கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை, என் பிக்கப் மெக்கானிக்கிடம் கிடந்தது. மகளின் புதுக் காரை இரவல் வாங்கிக்கொண்டு, சோளம் போட்ட கோழி சூப்பைப் பெரிய பானையில் எடுத்துக்கொண்டு கேலன் வீட்டுக்குப் போனேன். நவம்பர் மாதம், ஐந்து மணிக்கே இருட்டு. இரண்டு கையிலும் பானை. வழக்கம்போலப் பின்கதவை இடுப்பால் இடித்துத் திறந்தேன்.

ஒரு வெடி. கன்னத்தில் மரச்சிம்பு குத்தியது. பானை கீழே விழுந்தது.

சமையலறையின் அந்தக் கோடியில் கேலன் நின்றிருந்தான். கையில் அந்தத் துப்பாக்கி. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. குண்டு என் காதுக்குப் பக்கத்தில் கதவு நிலையில் பாய்ந்திருந்தது.

"தெரியாத கார்" என்றான். "தெரியாத கார் வந்துது, ஆர்லீன்."

"பின்வாசலால வந்தேன்டா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நம்ம ஊர்ல பின்வாசலால யாருடா வருவா?"

அவன் அப்படியே தரையில், சூப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். முன்கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டவனுக்குப் பின்கதவைப் பூட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை; அது சொந்தக்காரர்கள் வரும் வழி. அந்த வழியாக வந்தவளைத்தான் சுட்டிருக்கிறான். துப்பாக்கியை அவன் கையிலிருந்து வாங்கிக் குண்டுகளை எடுத்தேன். செத்திருப்பேன். சோளச் சூப்போடு செத்திருப்பேன்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றான். "தயவு செஞ்சு."

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? மேசை டிராயரைத் திறந்து கத்தரியை எடுத்தேன்.

"எந்திரி. திரும்பு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. சின்னப் பையனைப் போல எழுந்து திரும்பி நின்றான். கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை, நாடின் வாங்கிக் கொடுத்தது. பின்பக்கக் கீழ்த் துண்டை வெட்டி எடுத்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். இருவருமாகச் சேர்ந்து தரையைத் துடைத்தோம்.

செவ்வாய்க்கிழமை பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம். ஊரே அங்கேதான். நான் பேச வேண்டும் என்றுதான் போனேன். பைக்குள் கை, கைக்குள் அந்தத் துண்டு. சொன்னால் என் தம்பி இந்த ஊரில் தலை காட்ட முடியாது. சொல்லாவிட்டால் பயந்தால் சுடுகிறவன் ஒருவன், நான் தினமும் ஏற்றி இறக்கும் பிள்ளைகள் நடமாடும் நடைபாதையில் துப்பாக்கியோடு நிற்பான். ஒரு பிள்ளை கதவை இடுப்பால் இடித்துக்கொண்டு ஓடி வந்தால்? மூன்று இரவாக இதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

வாரியத் தலைவி திருமதி ராயர், விருப்பம் தெரிவித்தவர்கள் பட்டியலில் முதலாவதாக இருந்த பெயரை வாசித்தார். "கேலன் வெர்ட்ஸ்."

அவன் முன்வரிசையிலிருந்து எழுந்து மைக்கை நோக்கி நடந்தான். அவன் ஆதரவாளர்கள் கை தட்டினார்கள். தட்டியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவன் அதே சட்டையைப் போட்டிருந்தான். பேன்ட்டுக்குள் சொருகாமல் வெளியே விட்டிருந்தான். வெட்டிய இடத்தில் உள்ளே போட்ட வெள்ளைப் பனியன் பளிச்சென்று தெரிந்தது.

மெர்வினுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏய் கேலன், சீசனே இன்னும் ஆரம்பிக்கல. அதுக்குள்ள எதடா தவறவிட்ட?"

கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை கேலன் காத்திருந்தான்.

"எங்க அக்காவ" என்றான்.

மெர்வின் தொப்பியைக் கழற்றினான்.

"சூப் எடுத்துக்கிட்டுப் பின்வாசலால வந்தா. நான் பயந்து போய்ச் சுட்டேன். குண்டு கதவு நிலையில இருக்கு. அவ காதுக்கும் அதுக்கும் நடுவுல என் கை நுழையாது." மைக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். "எங்கப்பா கேட்டிருந்தா குண்டு எங்க போச்சுன்னு சொல்லித்தான ஆகணும். சொல்லிட்டேன். இது ஜாக்கிரதைன்னுதான் இத்தன நாளா நினைச்சிட்டு இருந்தேன். இல்ல. பயம்தான். நாடின் போனதுலருந்து ராத்திரியெல்லாம் பயமா இருக்கு. என் பேர எடுத்துடுங்க, திருமதி ராயர்."

மைக்கை விட்டுத் திரும்பியவனுக்கு எங்கே போய் உட்கார்வது என்று தெரியவில்லை. பின்வரிசையில் இருந்த கெல்சி தன் பக்கத்து நாற்காலியிலிருந்த கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அங்கே போய் உட்கார்ந்தான். எனக்குக் கண்ணை மறைத்தது. பையைத் திறந்து கைக்குட்டை என்று நினைத்து அந்தச் சட்டைத் துண்டாலேயே துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை, தள்ளிவைத்தார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஓயும் என்றும் தோன்றவில்லை. கேலன் கைத்துப்பாக்கியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். முன்கதவில் பூட்டு இன்னும் மூன்றுதான். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

மான் பருவத்துக்கு முந்தைய நாள் வழக்கம்போலக் குடிலுக்குப் போனோம். அப்பா இல்லை, பாதிப்பேர் இல்லை. அடுப்பும் ஈரக் கம்பளி வாசனையும் அப்படியே இருந்தன. கேலன் என்னிடம் கையை நீட்டினான். துண்டைக் கொடுத்தேன். அதில் பெயரும் வருஷமும் எழுதி, பன்னிரண்டு வயதில் அவன் அடித்த ஆணிக்குப் பக்கத்திலேயே அடித்தான். பழையதில் அப்பாவின் கையெழுத்தில் 'எட்டுக் கிளைக் கொம்பன்' என்று இருந்தது. புதியதில், தவறவிட்டது எது என்று எழுத வேண்டிய இடத்தில், 'ஆர்லீன்' என்று எழுதினான்.

மெர்வின் கிட்டே போய்ப் படித்தான். உதடெல்லாம் பீட்ரூட் சிவப்பு. "எத்தன கிளைக் கொம்புன்னு போடலையே" என்றான்.

"போடா" என்றான் கேலன், என் பக்கம் திரும்பாமல். பிறகு தன் தட்டிலிருந்த வறுவலை எடுத்து என் தட்டில் போட்டான்.