வெறும் மணிகள் போட்ட குழாய்

ஆய்வகத்தில் பேராசிரியருக்கு ஜோசியர் என்று பெயர். சோதனைக்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுவார். அப்புறம் சோதனைதான் அவருக்கு ஒத்துப்போக வேண்டும். பெயர் வைத்தவளே அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவிதான். நேரில் மட்டும் "சார்".

தவளை முட்டைகளை வேகமாகச் சுழற்றி நசுக்கி, நடுவில் தங்கும் சாற்றை ஊசியால் உறிஞ்சி எடுப்பது அவள் வேலை. அதில் வெறும் டிஎன்ஏவைப் போட்டால், சாற்றிலுள்ள புரதங்களின் மேல் இழை தானாகச் சுற்றிக்கொண்டு, உயிரணுவுக்குள் இருப்பது போன்ற குரோமாட்டின் சுருள் ஆகிவிடும். ஒரு குறிப்பிட்ட புரதம் இல்லாவிட்டால் சுற்றாது என்பது ஜோசியரின் கண்டுபிடிப்பு. அதை மட்டும் கவ்வும் ஆன்டிபாடி பூசிய நுண்மணிகளைப் போட்டு வெளியே இழுத்தார், சுற்றவில்லை. மாலை விழுந்தது, பதவி வந்தது. அவளுடைய முனைவர் பட்டமும் அதை நம்பித்தான் நின்றது.

எதுவும் பூசாத வெறும் மணிகளைப் போட்டுப் பார்க்க அந்த மகானுக்குத் தோன்றவில்லை. அவள் போட்டாள். அதிலும் சுற்றவில்லை. மணிகளோடு கிடந்ததிலேயே சாறு செத்துப்போயிருந்தது. பாவம், அந்தப் புரதம் ஒன்றுமே செய்யவில்லை.

"வாயை மூடிக்கிட்டு இரு," என்றாள் பக்கத்து மேசை அக்கா. "கையெழுத்துப் போடுற வரைக்கும், தவளைக்குக் கொம்பு இருக்குன்னு அவர் சொன்னா இருக்கு."

"பொய்யை வச்சா பட்டம் வாங்கச் சொல்றீங்க?"

"ஆமா, இங்க மத்தவங்கல்லாம் வேற எதையோ வச்சு வாங்கிட்டாங்க பாரு!"

வாராந்திரக் கூட்டத்தில் அவள் அந்தச் சோதனையின் ஜெல் படத்தை எதையும் வெட்டாமல் திரையில் போட்டாள். இழை சுற்றியிருந்தால் ஏணிப்படி போலக் கோடுகள் தெரிய வேண்டும். மணி படாத சாற்றில் தெரிந்தன. வெறும் மணிக்கு நேரே ஒரு கறை. பட்டம் போனால் போகட்டும். அவர் கத்தினால் சொல்ல வேண்டியதைக் குளியலறைக் கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

ஜோசியர் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"இதைத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன், மணிகளை நம்பாதீங்கன்னு. ஒருத்தராவது காதுல வாங்குனீங்களா? இந்தப் பொண்ணாவது செஞ்சு பாத்துச்சே. இதையே ஆய்வேடா எழுதும்மா. நான் கையெழுத்துப் போடுறேன்."

எல்லாத் தலைகளும் ஆடின, அக்காவுடையது எல்லோருக்கும் முந்தி.

அவளுக்குள் கோபம் எழும் என்று காத்திருந்தாள். எழவில்லை. பட்டம் பிழைத்த நிம்மதி, வெட்கமே இல்லாமல் உடம்பெங்கும் இளஞ்சூடாகப் பரவியது. இத்தனை வருடம் அவரை ஏளனம் செய்தே வளர்த்த தலைக்கனம் எந்த மூலையில் போய்ப் பதுங்கியதோ.

"ஆமா சார்," என்றது வாய். "நீங்க சொன்னதாலதான் எனக்குத் தோணுச்சு."