பதினைந்தாவது கை

வலது கால் பூட்ஸ் கழலவே மாட்டேன் என்றது. அவள் தரையில் உட்கார்ந்து, கணவரின் குதிகாலை மடியில் தாங்கிக்கொண்டு ரப்பரை இழுத்தாள். விடியற்காலையில் ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைக் கையில் எடுத்தவர், அப்படியே படியில் சாய்ந்துவிட்டார். மருத்துவர் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய் அரைமணி நேரம்தான் ஆகிறது.

"விடுங்க அண்ணி, நான் பார்க்கிறேன்" என்று கொழுந்தன் குனிந்தான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது. இருவருமாக இழுத்ததும் பூட்ஸ் பொத்தென்று வந்தது.

வாசலில் யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள். "டாக்டருக்கே டாக்டர் வந்தும் ஒண்ணும் பண்ண முடியலையே."

துறைமுகத்தில் அவள் கணவருக்கு டாக்டர் என்றுதான் பெயர். முன்பாதி திருக்கை, பின்பாதி சுறா மாதிரி இருக்கும் உழுவை மீன், வலையோடு மேலே வந்தால் பயத்தில் படகிலேயே குட்டி போட்டுவிடும். மூன்று வருடம் முன்பு அப்படிப் போட்ட ஏழு குட்டிகளை அவர் கடல் தண்ணீர் நிரப்பிய ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் படகைத் திருப்பி ஓட்டி, கடலடி மணல்மேட்டுப் பக்கம் தண்ணீரில் விட்டார். அன்றிலிருந்து பிரசவ டாக்டர் ஆனார். சிரித்தவர்களோடு அவரும் சிரித்தார். சிரித்தபடியே படகு படகாக ஏறி இறங்கி, குட்டி போடும் மூன்று மாதமும் மணல்மேட்டுப் பக்கம் யாரும் வலை போடக் கூடாது என்று பதினான்கு பேரைச் சம்மதிக்க வைத்தார். அவரோடு பதினைந்து. எதிர்ப்பக்கம் பதினான்கு. இன்று பதினொரு மணிக்குப் படகுக்காரர் சங்கத்தில் ஓட்டு, படகுக்கு ஒன்று.

கொழுந்தன்தான் சங்கத்துச் செயலாளர். எதிர்ப்பக்கம் கையைத் தூக்குபவர்களில் முதல் ஆள்.

அவன் தொண்டையைச் செருமினான். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கூட்டத்தைத் தள்ளிப்போட முடியாதாம். மீன்வளத்துறை அதிகாரி கிளம்பி வந்துட்டாராம். நான் போய் ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டு ஓடி வந்துடறேன். சாயங்காலம்தானே எடுக்கப்போறோம்."

"ஓட்டு?"

"அண்ணன் இல்லையே. சரிக்குச் சரியா நிக்கும். சரிசமமா இருந்தா தீர்மானம் விழுந்துடும்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு மட்டும் ஆசையா அண்ணி? மூணு மாசம் அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னா என் வலை காத்தையா பிடிக்கும்?"

அவன் போனதும் எழுந்து முகம் கழுவினாள். கொக்கியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"அப்பா பக்கத்துல உட்காரு. நான் சங்கம் வரைக்கும் போயிட்டு வரேன்."

"அம்மா! உனக்கென்ன பைத்தியமா? அப்பாவை இப்படிப் போட்டுட்டு… நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"நாலு பேர் இங்க இருக்காங்க. பேசட்டும். எனக்கு இருபத்தெட்டு பேர்கிட்ட பேசணும்."

நடந்தே போனாள். ஏலக்கூடத்துக்கு மேலே இருந்த சங்க அறைக்குள் நுழைந்தாள். யாரோ ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

தலைவர் எழுந்தார். "என்னம்மா, இந்த நேரத்துல நீங்க வரலாமா? துக்கத்துக்கு நாங்கதான் வரணும். டாக்டர் படகுக்கு இன்னிக்கு ஓட்டில்லைன்னு முடிவு பண்ணிட்டோம்."

"டாக்டர் படகுன்னு ஒண்ணு இந்தத் துறைமுகத்துல கிடையாது. பதிவேட்டை எடுங்க."

"எதுக்கும்மா அதெல்லாம்?"

"எடுங்க."

எழுத்தர் பக்கங்களைப் புரட்டினார். மூன்றாம் எண் படகு. உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர். இருபத்திரண்டு வருடம் முன்பு அதை வாங்கியபோது கணவர் பெயரில் பழைய படகு ஒன்று பதிவாகியிருந்தது. ஓர் ஆளுக்கு ஒரு படகுதான் என்பது சங்கத்து விதி என்பதால் புதியதை அவள் பெயரில் எழுதினார்கள். பழையது எப்போதோ உடைந்து விறகாகிவிட்டது. இத்தனை காலம் அவர் தூக்கிய கையெல்லாம் அவளுடைய கை என்பதை ஊரே மறந்துவிட்டது. சாட்சிக் கையெழுத்து கொழுந்தனுடையது.

"இவங்களுக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

அவள் திரும்பினாள். கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாதவள்.

"கீழே அறுக்கிற மேசையில பதினெட்டு வருசமா நிக்கிறேன் அண்ணே. நீங்க கொண்டு வந்து போடுற உழுவையோட வயித்தைக் கிழிக்கிறது நான்தான். முதல்ல ஒரு நாளைக்கு நாப்பது கிழிச்சேன். போன வருசம் முழுக்க ஒம்பது. அதுல ஆறு சூலி, வயித்துல குட்டியோட. இன்னும் என்ன தெரியணும்?"

அதிகாரி பேனா மூடியைத் திறந்தார்.

கொழுந்தன்தான் எண்ண வேண்டியிருந்தது. ஆதரவு என்றான். கைகள் எழுந்தன. ஒன்றிலிருந்து தொடங்கி பதினான்கு வரை வந்தவன் கொஞ்சம் நின்றான். பிறகு அவளைப் பார்த்து, "பதினஞ்சு" என்று சொல்லி எழுதினான்.

அவள் படியிறங்கி ரோட்டுக்கு வந்தபோது கொழுந்தனின் இருசக்கர வண்டி பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறுங்க அண்ணி."

ஏறினாள். வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

"அண்ணன் இருந்திருந்தா பேசியே மடக்கியிருப்பேன்."

"அவர் இருந்திருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்."

"அடுத்த வருசம் மறுபடி ஓட்டுக்கு வரும். நான் விடமாட்டேன், சொல்லிட்டேன்."

"வரட்டும். நானும் வருவேன்."

அவன் வேகத்தைக் கூட்டினான். அவள் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் கட்டித் தொழிற்சாலை தாண்டியதும் ரோடு முழுக்கக் குண்டும் குழியுமாக இருந்தது. அவன் வண்டியை மெதுவாக்கி, ஒவ்வொரு பள்ளமாகச் சுற்றி ஓட்டினான்.