தப்பு நோட்டில் என் பக்கம்

எங்கள் காளான் கழகம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் கூடுகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, நோயாளிகள் வராத நாள். பல் டாக்டரம்மா காத்திருப்பு அறையைத் திறந்துவிட்டு, சொத்தைப் பல் படத்துக்குக் கீழே இருக்கிற நீள மேசையில் பழைய செய்தித்தாளை விரிப்பார். நாங்கள் பூங்காவிலும் ஆற்றங்கரையிலும் தோண்டிக்கொண்டு வந்ததையெல்லாம் அதில் பரப்புவோம். மொத்தம் ஒன்பது பேர். ஒரு தபால்காரர், ஒரு பஸ் டிரைவர், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான், இப்படி. யாருக்கும் இதில் பட்டம் கிடையாது. எல்லாம் ஆர்வக் கோளாறுதான்.

கழகத்தில் சந்தா கிடையாது, தலைவர் கிடையாது. ஒரே ஒரு நோட்டு உண்டு. தடித்த அட்டை போட்ட அந்த நோட்டுக்குத் தப்பு நோட்டு என்று பெயர். காளான் விஷயத்தில் தப்புச் செய்தவர் தன் கையாலேயே அதை எழுதி, எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். முதல் பக்கம் டாக்டரம்மாவுடையது. புல்லில் கிடந்த நைந்துபோன டென்னிஸ் பந்தை அபூர்வக் காளான் என்று படம் எடுத்து ஒரு பேராசிரியருக்கு அனுப்பிய கதை. பஸ் டிரைவருக்கு மட்டும் பதினோரு பக்கம்.

நான் சேர்ந்து எட்டு மாதமாகியும் என் பெயரில் ஒரு வரிகூட இல்லை. அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. டாக்டரம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் நோட்டை மூடும்போது என்னைப் பார்த்து, "இன்னும் எழுதலையா? சரி, அவசரமில்ல" என்பார். பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டில் இந்தப் பெருமைக்குக் காலணா மதிப்பில்லை. குறிப்பாக என் அத்தானிடம். அக்காவின் கணவர், லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். லிஃப்ட் கிணற்றுக்குள் கத்திக் கத்திப் பழகிய குரல், சாப்பாட்டு மேசையிலும் இறங்காது. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடக் கணக்காகிறது. "என்ன ஜெராக்ஸ், இன்னைக்கு எந்தக் குப்பைமேட்டுல ஆராய்ச்சி?" என்பார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவேன்.

அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் கடைக்கு வந்து, கல்லாவுக்கு முன்னால் நின்று, குரலைத் தாழ்த்தினார். கையில் ஒரு பை. கம்பெனிக் கிடங்குக்குப் பின்னாலிருக்கும் புல்வெளியில் முளைத்திருந்ததாம்.

"கொஞ்சம் பாத்துச் சொல்லேன். நாளைக்கு எங்க மேனேஜரும் அவர் வீட்டம்மாவும் மத்தியானம் சாப்பிட வர்றாங்க. நானே சமைக்கப்போறேன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எட்டு மாதக் கிண்டலுக்குப் பிறகு மனுஷன் என்னிடம் யோசனை கேட்கிறார். உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கேட்டது என்னையல்லவா?

பையைப் பிரித்தேன். வெள்ளை வெளேரென்று, வழவழப்பாக, கடையில் வாங்கியதைப்போலச் சுத்தமான காளான்கள். வயல் காளான் என்று மனம் முந்திக்கொண்டு சொன்னது. வயல் காளானின் குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகள் இளசாக இருக்கையில் வெளிறியிருக்கும். பிறகு ரோஜா நிறம், முற்றினால் சாக்லேட் நிறம். இவற்றில் சுத்த வெள்ளை. இளசு போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காம்பின் அடிப்பாகம் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, மண்ணாக இருந்தது, கத்தியால் வெட்டிவிட்டேன் என்றார். பறிக்காதே, வெட்டாதே, அடியோடு தோண்டு என்பது டாக்டரம்மா மாதாமாதம் பாடும் பாட்டு. அதையும் விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு சோதனை செய்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். காளானுக்கு விதை கிடையாது. மாவைவிட மெல்லிய தூள்தான் அதன் வித்து. குடையை மட்டும் கிள்ளி, மடிப்பு கீழே இருக்கும்படி ஒரு தாளில் வைத்து மூடிவிட்டால், காலைக்குள் தூள் உதிர்ந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல ஒரு அச்சு விழும். அதன் நிறம் பெரிய சாட்சி. தாளில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை இருக்க வேண்டும் என்பது கழகத்து விதி. என் கடையிலோ வெள்ளைத் தாள் கட்டுக்கட்டாக இருக்கிறது. கறுப்புத் தாளுக்கு எதிர்க்கடைக்குப் போக வேண்டும். வயல் காளானுக்குச் சாக்லேட் நிறத் தூள்தானே, அது வெள்ளையில் பளிச்சென்று தெரியுமே என்று சோம்பல்பட்டேன். ஒரு வெள்ளைத் தாளில் குடையை வைத்து டீ கப்பைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலை கப்பைத் தூக்கினால் தாளில் ஒன்றுமில்லை. வைத்தபடியே வெள்ளை. ரொம்ப இளசு, இன்னும் தூள் கொட்டும் பருவம் வரவில்லை என்று தீர்ப்பெழுதினேன். குடையைக் குப்பையில் போட்டேன். நல்ல தாளை வீணாக்குவானேன் என்று மிஷின் தட்டில் மற்றத் தாள்களுக்கு மேலே வைத்தேன். பிறகு அத்தானைக் கூப்பிட்டு, தாராளமாகச் சமையுங்கள் என்றேன். நம்ம வீட்டு டாக்டரே சொல்லியாச்சு, அப்புறமென்ன என்றார் அவர். போனை வைத்தபின் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரை நாள் கடை உண்டு. காலை முழுக்க ஈ ஓட்டினேன். பன்னிரண்டரை மணிக்குத்தான் முதல் ஆள் வந்தார், ஒரு நெட்டைத் தச்சர். அடையாள அட்டையைப் பெரிதாக்கி ஒரு நகல் வேண்டுமாம். அட்டையில் அவர் படம் கருகருவென்றிருந்தது. தாள் வெளியே வந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, என் மூஞ்சிக்கு மேல யாரு குடை விரிச்சது?"

வாங்கிப் பார்த்தேன். அவருடைய கறுத்த முகத்தின் குறுக்கே வெள்ளை வெள்ளையாக ஆரக்கால்கள், வட்டமாக, சுத்தமாக. மிஷினில் கோளாறு என்று விரலால் தேய்த்தேன். விரலில் வெள்ளை மாவு ஒட்டியது.

தூள் கொட்டத்தான் செய்திருக்கிறது. வெள்ளைத் தாளில் வெள்ளைத் தூள். மிஷின் கறுப்பு மையைப் பூசிக் காட்டும்வரை என் கண்ணுக்குத் தெரியவில்லை. வயல் காளான் ஒருநாளும் வெள்ளைத் தூள் போடாது. வெள்ளையாகப் போடும் இன்னொரு வெள்ளைக் காளானின் படத்தைத்தான் டாக்டரம்மா சிவப்புக் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

அத்தானுக்குப் போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. அக்காவின் போன் எப்போதுமே அவள் இல்லாத அறையில்தான் இருக்கும். தச்சரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அவர் என்ன பதில் சொன்னார் என்று காதில் விழவில்லை.

வழியில் நினைத்ததையும் மறைக்க மாட்டேன். முதலில் அக்கா முகம் வந்தது. அடுத்ததாக, சீ என்று இருக்கிறது சொல்வதற்கு, அத்தானின் சிரிப்பு வந்தது. நேரே போய்க் கால் தடுக்கியதுபோல விழுந்து சட்டியைக் கவிழ்த்துவிட்டால் என்ன? தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை, மானமும் மிஞ்சும். இரண்டு சிக்னல் தூரம் அந்த யோசனையோடேயே போனேன். மூன்றாவது சிக்னலில் சிவப்பு விழுந்தது. நான் போய்ச் சேருவதற்குள் ஒரு வாய் சாப்பிட்டிருந்தால்? சட்டியைக் கவிழ்த்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டால் யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? அந்த யோசனையை அங்கேயே விட்டேன்.

கதவு திறந்துதான் இருந்தது. மேனேஜரும் அவர் மனைவியும் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் இடுப்பில் துண்டோடு, இரண்டு கையிலும் சட்டியை ஏந்தி, மாப்பிள்ளைக் களையோடு அடுக்களையிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"அத்தான், யாரும் சாப்பிடாதீங்க. நான் சொன்னது தப்பு."

அவர் அப்படியே நின்றார்.

"தப்புதான்னு நிச்சயமா தெரியுமா, இல்ல சந்தேகமா?"

"சந்தேகம்."

இனி ஊரே கேட்கக் கத்தப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். வெறும் சந்தேகத்துக்காக மேனேஜர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்பார் என்று பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவரோ வந்த வழியே திரும்பினார். சட்டியை அடுப்பு மேடையில் வைத்து மூடினார். மூலையிலிருந்த தன் தோள்பையைத் திறந்து, கயிறு கோத்த ஒரு தகரப் பலகையை எடுத்துச் சட்டியின் காதில் மாட்டினார். 'பழுது. பயன்படுத்த வேண்டாம்.' லிஃப்ட் கதவில் மாட்டுகிற பலகை.

அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். யாராவது ருசி பார்த்தீர்களா என்று கேட்டார். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். உப்புப் பார்க்காமல் இருக்கவே அவளால் முடியாது.

"பாக்கலாம்னு கரண்டிய எடுத்தேன்" என்றாள் அக்கா. "என் சமையல்ல கை வைக்காதேன்னு இவருதான் புடுங்கிட்டாரு."

அத்தானின் கர்வத்தை நான் வாழ்க்கையில் முதன்முதலாக மெச்சிக்கொண்டேன்.

விருந்தாளிகள் ரொட்டியும் பழமும் சாப்பிட்டார்கள். மேனேஜரின் மனைவி, இவ்வளவு சுவாரசியமான விருந்துக்குத் தான் போனதே இல்லை என்றார். நான் போன் போட்டு டாக்டரம்மா வந்ததும் எல்லோருமாகக் கிடங்குக்குப் பின்னால் போனோம். வெட்டிய காம்புகளின் அடி இன்னும் புல்லுக்குள்தான் இருந்தது. பல் சுரண்டித் தேய்ந்து ஓய்வுபெற்ற கொக்கி ஒன்றால் டாக்டரம்மா சுற்றிலும் மண்ணைக் கிளறி ஒன்றை முழுசாக எடுத்தார். அடியில், உடைந்த முட்டையோட்டைப்போல, வெள்ளையாக ஒரு பை.

வெள்ளைத் தூள் போடுகிற எல்லாமே விஷமில்லை என்று அவர் விளக்கினார். ஆனால் இந்தப் பையும் வெள்ளைத் தூளும் ஒன்றாக இருந்தால் கிட்டேயே போகக்கூடாதாம். வேகவைத்தாலும் விஷம் போகாதாம். ஆளைக் கொல்ல ஒரு குடை போதும் என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பயந்ததில் பாதி, வெட்கத்தில் பாதி. அத்தான் வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தார். கிண்டல் வரும் என்று காத்திருந்தேன்.

"இருபது வருஷமா லிஃப்ட் பாக்குறேன்" என்றார். "பலகை மாட்டினதுக்காக எவனையும் நான் திட்டினதில்ல. தெரிஞ்சும் மாட்டாம போறவனத்தான் திட்டுவேன். நீ ஓடி வந்து மாட்டிட்ட. அழாத."

அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சாயங்காலம் கடைக்குப் போனால் தச்சர் இன்னும் உட்கார்ந்திருந்தார். நான் இல்லாத நேரத்தில் நாலு பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கல்லா மேசையின் ஆடுகிற காலையும் சரிசெய்திருந்தார். அவருக்குப் புதிதாக ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டு, குடை விரித்த நகலை அவர் அனுமதியோடு வைத்துக்கொண்டேன்.

அடுத்த முதல் ஞாயிறு, தப்பு நோட்டில் அந்த நகலை ஒட்டி அதன் கீழே எழுதினேன். சோம்பலையும், போன் போடாத வீம்பையும், ஸ்கூட்டரில் வந்த யோசனையையும் விடாமல் எழுதினேன். வாசிக்கும்போது தச்சரின் படத்துக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிக்னல் வந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. வாசித்து முடித்ததும் டாக்டரம்மா, இனி நீ கழகத்து ஆள் என்றார்.

நோட்டை மூடப்போனேன். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு பக்கத்தை அமுக்கிக்கொண்டது. "நானும் வந்து பாக்குறேன்" என்று அன்று காலை என்னோடு ஒட்டிக்கொண்டு வந்த அத்தான்தான். அதுவரை கடைசி நாற்காலியில், பல் பிடுங்க வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

"கீழ எனக்கும் ரெண்டு வரி இடம் விடு" என்று பேனாவை வாங்கினார். "அடிய வெட்டினது நான்தானே."

எழுதி முடித்துவிட்டு, எழுந்து நின்று, லிஃப்ட் கிணற்றுக் குரலில் வாசித்தார். அதில் என்னைக் குறிப்பிட்ட இடத்தில் ஜெராக்ஸ் என்று இல்லை, என் பெயர் இருந்தது.