எல்லா இடத்திலும் பன்மை

“உன் புருஷன் என் பிரபஞ்சத்த என்ன பண்ணி வெச்சிருக்கான்?” என்று அண்ணன் ஃபோனில் கேட்டபோது, நான் அவருடைய புத்தகத்தின் அட்டையில் ஒரு நட்சத்திரத்தை இடப்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி. மதியம் மூன்று மணிக்குப் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். அண்ணன் கல்லூரியில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவர். பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்று ஒன்பது வருஷமாக எழுதி, கிழித்து, மறுபடி எழுதி ஒருவழியாக முடித்திருக்கிறார். அதை அச்சிடும் அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைப்பது நான். அதே அச்சகத்தில் பிழை திருத்துவது என் கணவர். இருவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. நடுவில் நான் ஒருத்தி.

“எட்டாம் பக்கத்த எடு. ‘தொடக்கத்தில் பிரபஞ்சம் முழுவதும் ஒரு பன்மையில் அடங்கியிருந்தது.’ ஒரு பன்மையாம். படிக்கிறவன் சிரிக்க மாட்டான்? வேணும்னே பண்ணியிருக்கான். மாடிப்படிக் கதைக்குப் பழி வாங்கறான். நான் நேர்லயே வரேன்.”

அந்தப் புத்தகமே ‘ஒருமை’ என்ற ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. காலத்தைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டே போனால் எல்லாம் நெருங்கி நெருங்கி, அடர்த்திக்கும் வெப்பத்துக்கும் எல்லையே இல்லை என்று கணக்கு சொல்கிற ஓர் இடம் வருகிறது. கருந்துளைக்குள்ளேயும் அப்படி ஓர் இடம் உண்டு. அதற்கு அண்ணன் வைத்த பெயர் ஒருமை. இப்போது தேடிப் பார்த்தால் அந்தச் சொல் புத்தகத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை.

இவர்கள் சண்டையும் ஒருமையில்தான் தொடங்கியது என்பது என் தலையெழுத்து. ஆறு வருஷத்துக்கு முன்னால் வீடு மாறினோம். பீரோவை மாடிக்கு ஏற்றும்போது படி திரும்புகிற இடத்தில் அது சிக்கிக்கொண்டது. மேலே அண்ணன், கீழே என் கணவர், அவருக்குப் பின்னால் ஒரு சுமைதூக்கி. மேலிருந்து அண்ணன் “தள்ளு” என்றார். “நீ முதல்ல கைய எடு” என்றார் என் கணவர். அவ்வளவுதான். தங்கை புருஷன் தன்னை ‘நீ’ என்று சொல்லிவிட்டதாக அண்ணன் பீரோவை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனார். அண்ணன் தன்னை ‘தள்ளு’ என்று ஏவினார், அதற்குத்தான் பதில் சொன்னேன் என்பது கணவர் கட்சி. சுமைதூக்கியிடம் சொன்னேன் என்பது அண்ணன் கட்சி. சரி, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால் கணவர் ஒரு கல்யாண வீட்டுக்குப் போவார், அண்ணன் அதற்கும் முந்தின ஒரு ரயில் பயணத்துக்குப் போவார். தோண்டத் தோண்ட எனக்குத் தலைவலிதான் மிச்சம். இவ்வளவுக்கும் நான் அண்ணனை நீ என்பேன், அவர்கள் இருவரும் என்னை நீ என்பார்கள். அதையெல்லாம் இந்த வீட்டில் யாரும் கணக்கில் எடுத்ததில்லை. இந்தக் கதையில் இருவருக்கும் ‘ர்’ போட்டுத்தான் எழுதுகிறேன், இதிலாவது சண்டை வேண்டாம்.

வியாழக்கிழமை அண்ணனுக்கு விமானம். மகளோடு இருக்க ஒரேயடியாகப் போகிறார். இந்த நாலு நாளில் இவர்கள் பேசாவிட்டால் பேசவே போவதில்லை. அவர் என் வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமலே போய்விடுவார். இந்த நேரம் பார்த்துத்தான் இது.

கணவர் எழுதித் தந்த திருத்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பதினொன்றாவது திருத்தம்: ‘கோல்’ வேண்டாம், எல்லா இடத்திலும் ‘கோள்’ ஆக்கு. பன்னிரண்டாவது: ஒருமை வேண்டாம், எல்லா இடத்திலும் பன்மை ஆக்கு. அண்ணன் ஒரு பழைய விஞ்ஞானியை ‘அவன் சொன்னான்’ என்று எழுதியிருந்தார். அதை ‘அவர் சொன்னார்’ ஆக்கச் சொல்லித்தான் அந்தக் குறிப்பு. நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், கோலைக் கோளாக்கிய அதே கையோடு ‘ஒருமை’ என்று அடித்து, ‘பன்மை’ என்று அடித்து, ஒரே பொத்தானில் மாற்றியிருக்கிறேன். அறுபத்து மூன்று இடங்களில் மாற்றப்பட்டது என்று கணினி சொன்னது. அப்பாடா என்று டீ குடிக்கப் போனது நினைவிருக்கிறது.

“ரெண்டாவது தடவ படிக்கறப்ப உங்க கண்ணுல படலையா?” என்று கணவரிடம் கேட்டேன்.

“பட்டுச்சு. உங்க அண்ணன் மாத்தியிருப்பாருன்னு நெனச்சேன். படிச்சவரு. பிரபஞ்சம் ஒண்ணுலேர்ந்து வந்துச்சா பலதுலேர்ந்து வந்துச்சான்னு எனக்கு என்ன தெரியும்?”

“ஒரு ஃபோன் போட்டுக் கேக்கறது?”

அவர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். ஆனால் ‘மாத்தியிருப்பாரு’ என்றதும் ‘படிச்சவரு’ என்றதும் என் காதில் விழுந்தன. ஆறு வருஷமாக வீட்டில் அவர் அண்ணனை இப்படித்தான் சொல்கிறார். எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

அண்ணன் பதினொரு மணிக்கு மூச்சிரைக்க வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“நான்தான் மாத்தினேன். அவர் இல்ல.”

விவரத்தைச் சொன்னேன். “ரெண்டு வரி படிச்சுப் புரிஞ்சுக்கத் தெரியாதா உனக்கு?” என்றார் அண்ணன். “அதானே” என்றார் கணவர். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே கட்சி, என்னைத் திட்டுவதில்.

திரும்பவும் ஒரே பொத்தானில் மாற்ற முடியாது. அண்ணனே ‘பன்மை’ என்று எழுதியிருந்த இடங்களும் நடுவே இருந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். ஒரே மேஜை, இரண்டு நாற்காலி. “இது எந்த ஒருமைன்னு அவரக் கேளு” என்றார் கணவர். “அவன்கிட்ட சொல்லு, இது கருந்துளை ஒருமை” என்றார் அண்ணன். நாலு பக்கம் பொறுத்துப் பார்த்தேன்.

“நான் என்ன தந்திக் கம்பியா? எப்படியாவது போங்க” என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது பேச்சுக்குரல் கேட்டது. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“மூணாம் அத்தியாயத்துல ஒருமைங்கறது ஒரு பொருளே இல்லன்னு இருக்கு” என்றார் கணவர்.

“ஆமா. நம்ம கணக்கு கைய விரிக்கிற எடம், அவ்வளவுதான். அங்க என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.”

“அப்ப ஏழுல ‘ஒருமை வெடித்துச் சிதறியது’ன்னு இருக்கே. பொருளே இல்லன்னா எது வெடிச்சுது?”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்பது வருஷம் யாரும் கேட்காத கேள்வி என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“அத அடிச்சிடலாம்” என்றார்.

“அடிச்சா அந்தப் பத்தி எங்கேருந்து தொடங்கறது?”

“‘அதற்கு அடுத்த கணம்’னு தொடங்கலாம். அங்கேருந்துதான் நமக்குத் தெரியும்.”

உள்ளே போய் டம்ளர்களை வைத்தபோதுதான் கவனித்தேன். ஒரு நீ இல்லை, ஒரு நீங்க இல்லை. பார்த்துப் பார்த்து, மரியாதையும் இல்லாமல் மரியாதைக் குறைவும் இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். “டீ ஆறுது.” “குடிக்கலாம்.” இவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசுவதற்கு மன்னிப்பே கேட்டுவிடலாம்.

இரண்டரை மணிக்கு அறுபத்து மூன்றும் முடிந்தது. அண்ணன் எழுந்துபோய், இயந்திர அறைக்குப் போகிற வழியில் முதுகைக் காட்டி நின்றார். அங்கே இரண்டு பக்கமும் காகிதக் கட்டுகள், ஓர் ஆள்தான் போகலாம்.

“அந்த பீரோ இன்னும் இருக்கா?” என்றார், திரும்பாமலே.

“இருக்கு. ஒரு மூலை நசுங்கிப்போய்” என்றார் கணவர். திருத்தி முடித்த கடைசித் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணனுக்குப் பின்னால் வந்து நின்றார். வழி இல்லை.

“கொஞ்சம் தள்ளு” என்று தொடங்கியவர், தான் சொன்னது தனக்கே கேட்டுவிட்டதுபோல் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டார். வாய் திறந்தபடியே இருந்தது. நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எனக்கு வேண்டியதெல்லாம் இன்னும் இரண்டு எழுத்து.

அது வருவதற்குள் அண்ணன் தள்ளி நின்றுவிட்டார். வயிற்றை உள்ளே இழுத்து, காகிதக் கட்டோடு ஒட்டிக்கொண்டு, கணவர் தாண்டிப் போகிறவரைக்கும் அப்படியே நின்றார்.