மற்றவள் எழுதியது

துறைமுக வாசலுக்கு எதிரே இருந்த சரக்கு அனுப்பும் கம்பனியின் கந்தோரில், அன்று காலை எல்லாருடைய பேஸ்புக் கடவுச்சொல்லும் ஒரே தாளில் ஏறிக்கொண்டிருந்தது. பாரந்தூக்கியில் தொழிலாளி நஸ்ரியின் விரல் நசுங்கிய படத்தை யாரோ கள்ளப் பெயரில் போட்டுவிட்டார்கள். அந்த விபத்தை மூடி மறைத்த முகாமையாளர் சிவகுருவுக்கு எல்லாருடைய கணக்கையும் துருவி ஆளைப் பிடித்தே ஆகவேண்டும். வாசலிலேயே போன்களை வாங்கி மேசையில் அடுக்கிவிட்டார். பதினொரு பேர் வாய் திறக்காமல் எழுதிக் கொடுத்தார்கள். வெட்கக்கேடு, வேறென்ன!

மிச்சம் கஜந்தினி. ஆறு மாதப் பயிற்சி முடிந்து, அவளுடைய நிரந்தர நியமனக் கடிதம் கையெழுத்துக்காக அதே மேசையில் கிடந்தது.

"எழுதித் தாரும் பிள்ளை. மடியில கனமில்லாட்டி வழியில பயமேன்?"

மடியில் கனம் இருந்தது. ஆனால் அது அவளுடையதல்ல. படத்தைப் போட்டவள் பக்கத்துக் கதிரையில் இருந்த கிண்ணியாக்காரி பஸ்மியா. போடுமுன் கஜந்தினிக்குத்தான் மெசெஞ்சரில் அனுப்பி, போடட்டுமா என்று கேட்டிருந்தாள். 'ராவே எல்லாத்தையும் அழிச்சிட்டன்' என்று இன்று உள்ளே வரும்போது காதோடு சொன்னவள், முதல் ஆளாகக் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டு, இப்போது 'குடு, குடு' என்று கண்ணால் சாடை காட்டிக்கொண்டிருந்தாள். விசரி! தன் போனில் அழித்தால் எல்லார் போனிலும் அழிந்துவிடும் என்ற நினைப்பு. கஜந்தினியின் கணக்கில் ஒரு வரி குறையாமல் எல்லாம் அப்படியே கிடந்தது.

"ஏலாது சேர்."

சிவகுரு பேனையை வைத்தார். "ஏனாம்?"

"அதுக்குள்ள கிடக்கிறது என்ர கதை மட்டும் இல்லை. எனக்கு எழுதின ஆக்களின்ர கதையும் கிடக்கு. அதை எடுத்துத் தர நான் ஆர்?"

"அப்ப படத்தைப் போட்டது நீர்தான், என்ன?"

இல்லையென்று சொன்னால் அடுத்த கேள்வி, 'பிறகு யார்?' என்பதுதான். அவள் மேசையில் அடுக்கியிருந்த போன்களுக்குள் தன்னுடையதைத் தேடி எடுத்தாள். அவர் கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

படியிறங்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. உப்புவெளி வீட்டில் அம்மா இன்றைக்குப் பாயாசம் காய்ச்சுவதாகச் சொல்லியிருந்தாள்.

பஸ்மியா பின்னாலேயே ஓடிவந்தாள். "பைத்தியமா புள்ள ஒனக்கு? அழிச்சிட்டன் எண்டு சொன்னன்தானே!"

கஜந்தினி போனைத் திறந்து நீட்டினாள். "நீ அழிச்சது உன்ர போனில மட்டும்."

பஸ்மியா தான் எழுதியதையெல்லாம் மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படிகளை நோக்கித் திரும்பினாள்.

கஜந்தினி அவள் கையைப் பிடித்தாள். "போகாத. ஒராளின்ர வேலை போனதே காணும்."

"விடு புள்ள. அது நான் எழுதினது."

பஸ்மியா படியேறிப் போய், முகாமையாளரின் கதவைத் தட்டாமலே திறந்தாள்.