இறக்கச் சொல்லாத துரை

காத்தான் துரையைத் தோளில் சுமந்தபடியே வீட்டுக்கு வந்தான்.

கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களை, கால் நனையாமல் அலைக்குள்ளிருந்து கரைக்குத் தூக்கி வருவது அவன் பிழைப்பு. கரையில் ஒரு கட்டு உண்டு. தூக்கியவன் தானாக இறக்கக் கூடாது. ஏறியவர் 'இறக்கு' என்று சொல்ல வேண்டும். துணி வாங்க வந்த இந்தத் துரை சொல்லவில்லை.

"தொர, மணல் வந்துடுச்சு."

"ஈரமாக இருக்கிறது," என்றார் துரை.

மணல் கொதித்துக்கொண்டிருந்தது.

அன்று விடிகாலையில்தான் காத்தானின் அப்பன் செங்கேணி செத்துப்போயிருந்தான். காத்தான் ஒரே பிள்ளை. தோளில் நீர்க்குடம் ஏந்திப் பிணத்தைச் சுற்றிக் கொள்ளி வைக்க வேண்டியவன். அதற்குள் தோள் காலியாக வேண்டும்.

"இன்னாய்யா இது மேல?" என்றாள் பெண்டாட்டி அஞ்சலை.

"சவாரி. இன்னும் எறங்கல."

"எழவு வூட்டுக்கா இட்டாருவ?"

வாசல் தாழ்வாக இருப்பதாகத் துரை சொன்னார். வாசலை இடித்தார்கள்.

உறவுக்காரர்கள் பிணத்துக்குப் போர்த்தக் கோடித்துணி கொண்டுவந்தார்கள். துரை குனிந்து ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டார். நல்ல விலை. யாரும் மறுக்கவில்லை. பிணம் வெறும் உடம்பாய்க் கிடந்தது. அப்புறம் அதிலேயே ஒரு துணியை அஞ்சலைக்கு இரட்டை விலைக்கு விற்றார்.

மிச்சத் துணியைக் காத்தானின் வலது தோளில் அடுக்கினார். துணிக்குக் காவலாக அந்தத் தோளிலேயே ஒரு சுவர் எழுந்தது. சுவர்மேல் ஒரு பீரங்கி. அது அஞ்சலையைப் பார்த்தபடி இருந்தது.

சுடுகாட்டில் ஊர்த் தலைவரான நாட்டார் குடத்தோடு நின்றார்.

"எந்தத் தோள்லடா வெக்கிறது? ஒண்ணுல தொர. ஒண்ணுல கோட்டை."

"எறங்கச் சொல்லுங்க நாட்டாரே!"

"கட்டு கட்டுதான். அவரு வாயால வரணும்."

"எங்கப்பன் நாறிப்போவான், நாட்டாரே!"

"கத்தாதடா. பீரங்கி முழிச்சுக்கும்."

துரை கையை நீட்டினார்.

"நான் உதவுகிறேன்."

குடம் துரையின் தோளில் ஏறியது. காத்தான் நடந்தான். மூன்று சுற்று. சுற்றுக்கு ஓர் ஓட்டை போட்டார்கள். குடத்து நீரெல்லாம் காத்தானின் தலையில் வழிந்தது. கொள்ளியையும் துரையே குனிந்து வைத்தார். நேர்த்தியாகவே வைத்தார். எல்லாரும் மெச்சினார்கள்.

நாட்டார் தொண்டையைச் செருமினார்.

"கொள்ளி வச்சவருக்குத்தான் வூடு, படகு, வலை. நம்ம வழக்கம் அதான்."

"நான் புள்ளை!"

"நீ நடந்த. அவ்ளோதான்."

திரும்பி வந்தபோது இடித்த வாசலுக்குக் குறுக்கே ஒரு சிப்பாய் நின்றான். துரைக்குச் சலாம் வைத்தான். அஞ்சலை சட்டி பானையோடு தெருவில் உட்கார்ந்திருந்தாள்.

காத்தான் தலை தூக்கிப் பார்க்க முயன்றான். கழுத்து நிமிரவில்லை.

"தொர, உங்க வூடு வந்துடுச்சு. இப்பனாச்சும் எறங்குங்க."

ஆத்திரத்தில் அவன் கண்ணில் நீர் முட்டியது. இரண்டு சொட்டு வாசல் மண்ணில் விழுந்தது.

துரை குனிந்து பார்த்தார்.

"ஈரமாக இருக்கிறது," என்றார். "அடுத்த வீட்டுக்கு நட."