அம்மாவின் விக்

அம்மாவின் உடல் வந்து சேர்ந்தது. அவளுடைய விக் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் செருப்பு, மூக்குக்கண்ணாடி, போன் சார்ஜர் எல்லாம் இருந்தன. கவிழ்த்து உதறிப் பார்த்தேன். இல்லை. இறுதிச்சடங்குக் கூடத்தின் பின்னறையில், சவப்பெட்டியில் அம்மா மொட்டைத் தலையோடு படுத்திருந்தாள். வெளியே ஹாலில் நாற்காலி போடும் சத்தம் கேட்டது.

"செத்தாலும் என்னை யாரும் மொட்டையாப் பார்க்கக் கூடாதுடி. ஊருக்கே தலை அலங்காரம் பண்ணிவிட்டவ நான்" என்று கட்டிலில் கிடந்தபடி சொல்லியிருந்தாள். நான் சத்தியம் பண்ணியிருந்தேன்.

அம்மா பியூட்டி பார்லர் நடத்தினாள். அப்பா எங்களை விட்டுப் போனபோது இந்த நாட்டு மொழியில் அவளுக்கு 'நன்றி' தவிர ஒன்றும் தெரியாது. யாரோ ஒருத்தியின் கடையில் தரையில் விழுந்த முடியைப் பெருக்கினாள். பெருக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொண்டாள். வீட்டில் சோதனை எலி நான்தான். என் பள்ளிக்கூடப் போட்டோக்களில் ஒரு காது தெரியும், ஒரு காது தெரியாது. பிறகு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒற்றை நாற்காலியோடு சொந்தக் கடை போட்டாள். மொழியும் அங்கேதான் வந்தது. பெண்கள் தலையை அவளிடம் கொடுத்துவிட்டு மாமியார் கதையெல்லாம் கொட்டுவார்கள். வம்பு, திட்டு, ஆறுதல் என்று எல்லாவற்றுக்கும் அவளுக்கு வார்த்தை கிடைத்தது.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடி கொட்டிய பிறகும் விக்கை மாட்டிக்கொண்டாளே தவிர, கடையைப் பூட்டவில்லை. "புது ஸ்டைலா?" என்று கேட்டவர்களிடம், "ஆமா, உனக்கும் பண்ணிவிடவா?" என்று சிரித்தாள்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவள் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். நர்ஸ் அலமாரியைத் திறந்து காட்டினாள். "துணியோட துணியா லாண்டரிக்குப் போயிருக்கும்மா."

கீழ்த்தளத்தில் அழுக்குத் துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். வேலையாள் என் தோளைத் தொட்டார்.

"என்னம்மா தேடுற?"

"எங்க அம்மாவோட முடி."

அவர் மிரண்டுபோய் விலகி நின்றார். கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, விக் விற்கும் கடையும் பூட்டியிருந்தது.

திரும்பி வந்தபோது ஹால் நிறைந்திருந்தது. என் சால்வையை அவள் தலையில் சுற்றிப் பார்த்தேன். யாரோ நோயாளி போல இருந்தாள், என் அம்மா போல இல்லை. அவிழ்த்துவிட்டேன்.

"பெட்டியை மூடிடுங்க" என்றேன் ஊழியரிடம்.

பெட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்ததும் அம்மாவின் வாடிக்கையாளர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கறோம்மா" என்று கெஞ்சினார்கள். மூடிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அப்போதுதான் சித்தி வந்தாள். ஊரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கி, பெட்டி படுக்கையோடு நேராக.

"திற."

"முடியாது சித்தி. அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"உனக்கு அம்மா ஆகறதுக்கு முன்னாடியே அவ எனக்கு அக்காடி. திற!"

நான் அசையவில்லை. சித்தி குனிந்து மூடியை உள்ளங்கையால் தட்டினாள். "அக்கா, நான் வந்துட்டேன். இவகிட்ட நீயே சொல்லேன். அக்கா!"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு மூடியைத் திறந்தேன்.

சித்தி அந்தத் தலையையே பார்த்தாள்.

"போன்ல ஜலதோஷம்னுதானே சொன்னா?"

சித்தி மெல்லக் கையை நீட்டி, நெற்றியிலிருந்து பிடரி வரை தடவினாள். திரும்பவும் தடவினாள். "இப்படிச் சில்லுனு இருக்கே... இப்படிச் சில்லுனு இருக்கே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேரமாகிவிட்டது என்று ஊழியர் வந்து மூடியைப் பிடித்தார். சித்தி கையை எடுக்கவில்லை. எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.